ஆடு செத்தது, செல் சாகவில்லை

இல்லத்தரசி, தாராபுரம்
கே: உண்ணிக் காய்ச்சல் வந்த ஆட்டுக்கு வைத்தியம் பார்ப்பதை விட்டுவிட்டு, அதன் ரத்தத்தை எடுத்துப் போய்க் குப்பியில் வளர்க்கிறார்களாமே, அடுக்குமா?

ப: வைத்தியமும் பார்க்கிறார்கள், வளர்க்கவும் செய்கிறார்கள். முதலாவது அந்த ஆட்டுக்காக, இரண்டாவது அடுத்த மந்தைக்காக. ஈரான், இராக், சூடான், ஓமன் பக்கம் செம்மறி மந்தைகளை வாரிக்கொண்டு போகிற நோய் ஒன்று இருக்கிறது. தைலேரியா லெஸ்டோகார்டி என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியின் கைவரிசை அது. ஹயலோமா அனடோலிக்கம் என்ற உண்ணி கடித்து அதை உள்ளே இறக்குகிறது. காய்ச்சல் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தோள்பட்டைக்கு முன்னால் நெறி கட்டும். கண் இமையைப் பிரித்துப் பார்த்தால் வெளுத்திருக்கும், சிலவற்றில் மஞ்சள் பூத்திருக்கும். ஒட்டுண்ணி ஒளிந்திருப்பது ஆட்டின் வெள்ளை அணுவுக்குள். அந்த அணுவைக் குப்பியில் உயிரோடு வைத்துக்கொண்டால்தான் எந்த மருந்து கொல்லும், எது தடுப்பூசியாகும் என்று பார்க்க முடியும். இல்லாவிட்டால் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஓர் ஆட்டைக் காய்ச்சலில் தள்ள வேண்டும்.

கால்நடை மருத்துவ மாணவி, நாமக்கல்
கே: எங்கள் வகுப்பில் தைலேரியா என்றாலே கலப்பின மாடுதான். ஆட்டுக்கும் தனியாக உண்டா?

ப: உண்டு, ஒன்றல்ல. மாட்டுக்கு இங்கே அனுலேட்டா, கிழக்கு ஆப்பிரிக்காவில் பார்வா. செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் லெஸ்டோகார்டி. சீனாவில் லுவென்ஷுனி, உய்லன்பெர்கி என்று வேறு இரண்டு. ஓவிஸ் என்று ஒரு சாது, வந்ததும் தெரியாது, இருப்பதும் தெரியாது. லெஸ்டோகார்டிக்கு 1924இல் வைத்த பெயர் ஹிர்சி. 1981இல் அதை மாற்றி, அல்ஜீரியாவில் வேலை பார்த்த லெஸ்தொகார் என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவரின் பெயரைச் சூட்டினார்கள். ஆகவே நூலகத்தில் பழைய கட்டுரை தேடும்போது ஹிர்சி என்றும் தேடுங்கள், பாதிச் சரித்திரம் அந்தப் பெயரில்தான் கிடக்கிறது.

தேர்வுக்கு உதவாத, ஆனால் ஆய்வகத்துக்கு உதவுகிற தகவல் ஒன்று: இவற்றில் அனுலேட்டா, பார்வா, லெஸ்டோகார்டி மூன்றும்தான் வெள்ளை அணுவைக் கட்டுக்கடங்காமல் பெருக வைக்கிற வித்தை தெரிந்தவை. மற்றவற்றின் ரத்தத்தைக் குப்பியில் ஊற்றி வைத்துக்கொண்டு காத்திருப்பது நேர விரயம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், சிவகாசி
கே: தைலேரியா என்பது யார் பெயர்?

ப: ஆர்னால்ட் தைலர். சுவிட்சர்லாந்தில் பிறந்து 1891இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போன கால்நடை மருத்துவர். போன புதிதில் பண்ணை இயந்திரம் ஒன்றில் மாட்டி இடது கையை இழந்தார். மிச்சமிருந்த கையோடு 1908இல் ஓண்டர்ஸ்டபூர்ட் ஆய்வு நிலையத்தை எழுப்பினார். மகன் மேக்ஸ், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்காக 1951இல் நோபல் வாங்கினார். மகள் கெர்ட்ரூட் உண்ணி ஆராய்ச்சியில் பெரிய பெயர். எனக்கு இரண்டு கையும் இருக்கிறது, பதில் எழுதவே வலிக்கிறது.

பிளஸ் டூ மாணவன், கோவில்பட்டி
கே: செல் லைன், செல் லைன் என்கிறார்களே, அதில் என்ன விசேஷம்? நம் உடம்பிலும்தான் செல் இருக்கிறது.

ப: உங்கள் உடம்பில் இருக்கிற செல்லைக் குப்பியில் போட்டால் கொஞ்ச காலம் பெருகும், பிறகு களைத்து நின்றுவிடும். மனிதத் தோல் போன்ற திசுக்களின் செல் ஏறக்குறைய 50 தடவை பிரிந்தபின் ஓய்ந்துவிடும் என்று ஹேஃப்லிக் 1961இல் காட்டினார். ரத்தத்து வெள்ளை அணு இன்னும் மோசம், தூண்டிவிட ஆளில்லாவிட்டால் சில நாளிலேயே செத்துப்போகும். ஓய்வே எடுக்காமல், கொடுத்த உணவைத் தின்றுகொண்டு, வருஷக்கணக்கில் பிரிந்துகொண்டே இருக்கிற செல் பரம்பரைக்குத்தான் செல் லைன் என்று பெயர். அப்படி ஒன்றை உருவாக்க மற்ற துறைக்காரர்கள் வைரஸ், மரபணு என்று என்னென்னவோ நுழைத்துப் பார்க்கிறார்கள். தைலேரியாக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. செல்லைச் சாகாவரம் பெற்றதாக ஆக்குகிற வேலையை ஒட்டுண்ணியே முடித்துவிட்டிருக்கும். ஆய்வாளர் செய்ய வேண்டியது அதைக் கெடுக்காமல் இருப்பது மட்டுமே.

மருந்துக்கடைக்காரர், உசிலம்பட்டி
கே: ஒரு ஒட்டுண்ணி எதற்காக அடுத்தவன் செல்லுக்குச் சாகாவரம் கொடுக்க வேண்டும்? அவ்வளவு தர்மவானா?

ப: தர்மமாவது! சொந்தப் பிழைப்புதான். உள்ளே போன ஒட்டுண்ணி, ஷைசான்ட் என்கிற பல கரு கொண்ட உருவமாக வளர்கிறது. சாதாரணமாக வெள்ளை அணு எதையாவது விழுங்கினால் ஒரு சவ்வுப் பைக்குள் அடைத்துச் செரித்துவிடும். தைலேரியா உள்ளே நுழைந்த சில நிமிடங்களிலேயே அந்தப் பையைக் கரைத்துவிட்டு, செல்லின் கூழுக்குள் நேராக உட்கார்ந்துகொள்கிறது. அங்கிருந்து செல்லின் கட்டளைப் பலகையில் கை வைக்கிறது. செல் தற்கொலை செய்துகொள்ளாமல் காக்கிற என்.எஃப். கப்பா பி என்ற பாதையை அணையவிடாமல் வைத்திருக்கிறது. கோளாறான செல் தானே அழிந்துகொள்வது உடம்பின் பாதுகாப்பு ஏற்பாடு. அது இங்கே நடக்காது.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. செல் இரண்டாகப் பிரியும்போது ஒட்டுண்ணி வெளியே போய் இன்னொரு செல்லைத் தேடி அலைவதில்லை. குரோமோசோம்களைப் பிரித்துக் கொடுக்கக் கதிர் போல இழைகள் உருவாகும் அல்லவா, அந்த இழைகளோடு தன்னையும் ஒட்டிக்கொள்கிறது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் பத்திரத்தோடு கடனையும் சேர்த்துக் கட்டிக்கொடுப்பது மாதிரி, இரண்டு மகள் செல்லுக்கும் ஒட்டுண்ணியில் ஆளுக்குப் பாதி போய்ச் சேர்கிறது. கென்யாவின் முகுகா ஆய்வு நிலையத்தில் ஹல்லிகரும் கூட்டாளிகளும் 1964இல் இதை விளக்கினார்கள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தார் 2010இல், செல்லின் சொந்தப் புரதங்களையே ஒட்டுண்ணி தன் மேல்தோலுக்கு வரவழைத்துக்கொண்டு இந்தப் பிரிவினையை நடத்துவதைக் காட்டினார்கள். ஆக, செல் பெருகினால் ஒட்டுண்ணியும் பெருகும். நோய் எதிர்ப்பு ரத்த அணுக்கள் வெளியே தேடிக்கொண்டிருக்க, இது வெளியிலேயே வராமல் லட்சக்கணக்கில் ஆகிவிடும்.

அதே உசிலம்பட்டிக்காரர்
கே: அப்படியானால் அது புற்றுநோய்தானே?

ப: குணம் அத்தனையும் அதுதான். நிற்காமல் பெருகுகிறது, சாக மறுக்கிறது, உடம்பில் ஊர் ஊராகப் பரவுகிறது, எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிக்குள் வைத்தால் கட்டியாக வளர்கிறது. ஆனால் பூபார்வாகோன் என்ற மருந்தைக் குப்பியில் விட்டால் ஒட்டுண்ணி சாகிறது. அது செத்த சில நாளில் செல்லும் பெருகுவதை நிறுத்திவிட்டு, சாதாரண வெள்ளை அணுவாக வாழ்ந்து சாதாரணமாகவே செத்துப்போகிறது. செல்லின் மரபணுவில் நிரந்தரமாக எதையும் எழுதவில்லை என்று அர்த்தம். ஆடு மாடு பற்றி அக்கறையே இல்லாத புற்றுநோய் ஆய்வாளர்கள் இந்தச் செல் லைனைத் தேடி வருவதற்குக் காரணம் இதுதான்: சுவிட்சைப் போடவும் அணைக்கவும் முடிகிற புற்றுநோய் வேறெங்கே கிடைக்கும்? கருவுள்ள ஓர் உயிர், கருவுள்ள இன்னோர் உயிரின் செல்லை இந்த அளவுக்கு மாற்றிவிடுவது தைலேரியாவிடம்தான் தெரியவந்திருக்கிறது.

புத்தகப் பிரியர், கும்பகோணம்
கே: ஹீலா செல் பற்றிப் படித்திருக்கிறேன். இதுவும் அதே ரகமா?

ப: 1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்மணியின் கட்டியிலிருந்து எடுத்த செல் அது. அங்கே பாப்பிலோமா வைரஸ், செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே புகுந்து எழுதிவிட்டது. அழிக்க முடியாது. இங்கே எழுதவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து ஓதிக்கொண்டே இருக்கிறது. ஓதுகிறவரை வெளியேற்றினால் எல்லாம் அடங்கிவிடும். அந்த அம்மாளிடம் அனுமதி கேட்கவில்லை என்ற குறை ஹீலாவுக்கு உண்டு. ஆட்டிடம் யாரும் கேட்டதாக எனக்குத் தெரியாது.

ஆய்வக உதவியாளர், வேலூர்
கே: சுற்றி வளைக்காமல் செய்முறையைச் சொல்லுங்கள்.

ப: காய்ச்சல் உச்சத்தில் இருக்கிற ஆட்டின் கழுத்து நரம்பிலிருந்து, உறையாமல் இருக்க ஹெப்பாரின் போட்ட குழாயில் ரத்தம் எடுங்கள். நெறி நன்றாக வீங்கியிருந்தால் அதிலிருந்து ஊசியால் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்வது இன்னும் நல்லது, ஒட்டுண்ணி அங்கேதான் கூட்டமாக இருக்கும். அதில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, ஜீம்சா சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். நீலம் பாரித்த செல்லுக்குள் செந்நீலப் பொட்டுகள் கொத்தாகத் தெரிந்தால் அதுதான் ஷைசான்ட். ராபர்ட் கோக் பார்த்துச் சொன்னதால் கோக்கின் நீல உருண்டை என்றும் பழைய ஆட்கள் சொல்வார்கள்.

ரத்தத்தை ஃபைக்கால் கரைசலின் மேல் மெதுவாக, கலக்காமல் ஊற்றி மையவிலக்கில் சுற்றினால் சிவப்பணு அடியில் போய்விடும். நடுவில் பால் கலங்கல் மாதிரி ஒரு வளையம் நிற்கும், வெள்ளை அணு. அதை மட்டும் உறிஞ்சி, இரண்டு மூன்று தடவை கழுவி, ஆர்.பி.எம்.ஐ. 1640 என்ற திரவத்தில் விடுங்கள். அந்த எழுத்துகள் அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் உள்ள ராஸ்வெல் பார்க் புற்றுநோய் நிலையத்தின் பெயர்ச் சுருக்கம், அங்கே பிறந்த திரவம். அதில் 10 முதல் 20 சதவீதம் கன்றுக்கரு சீரம், குளூட்டமின், பென்சிலின், ஸ்ட்ரெப்டோமைசின். 37 டிகிரி, 5 சதவீதம் கரியமில வாயு உள்ள இன்குபேட்டரில் குப்பியை வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

முதல் வாரம் மனம் உடைந்துபோகும். செத்த செல்லும் குப்பையுமாகத்தான் கிடக்கும். இங்கேதான் புதியவர்கள் குப்பியைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறார்கள். பொறுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பாதித் திரவத்தை மட்டும் மாற்றிக்கொண்டு வாருங்கள். ஒட்டுண்ணி தங்காத அணுக்கள் ஒவ்வொன்றாக விலகிவிடும். ஒரு நாள் காலையில் ரோஜாச் சிவப்பாக வைத்த திரவம் மஞ்சளாகியிருக்கும். செல் தின்று பெருகி அமிலம் விட்டிருக்கிறது, திரவத்தில் கலந்த சாயம் அதைக் காட்டிக்கொடுக்கிறது. பெரிய உருண்டைச் செல்கள் கொத்துக் கொத்தாக மிதக்கும். மறுபடி ஜீம்சா. அநேகமாக எல்லாச் செல்லிலும் ஷைசான்ட் இருந்தால் பாதியை எடுத்துப் புதுக் குப்பியில் விடலாம். இதற்குப் பெயர் பாசேஜ். செல் வளர வெளியிலிருந்து எந்தத் தூண்டுதல் மருந்தும் தேவையில்லை என்பதே நீங்கள் ஜெயித்ததற்குச் சாட்சி.

அவசரக்காரர், சென்னை
கே: மொத்தம் எத்தனை நாள்?

ப: நல்லபடி போனால் இரண்டிலிருந்து நான்கு வாரம். உங்கள் புனைபெயரைப் பார்த்தால் உங்களுக்கு இது சரிப்படாது.

ஆய்வு மாணவர், ஒரத்தநாடு
கே: எல்லாம் சரியாகச் செய்தும் குப்பியில் ஒன்றும் முளைக்கவில்லை. என்ன தப்பு?

ப: உங்கள் கையைச் சந்தேகிக்கும் முன் ஆட்டுக்காரரை விசாரியுங்கள். நீங்கள் போவதற்கு முதல் நாள் யாராவது பூபார்வாகோன் ஊசி போட்டிருந்தால் ஆட்டுக்கு நல்லது, உங்கள் குப்பிக்குக் கெட்டது. காய்ச்சல் தணிந்த பிறகு எடுத்த ரத்தமும் பெரும்பாலும் ஏமாற்றும், அந்தக் கட்டத்தில் ஒட்டுண்ணி சிவப்பணுவுக்கு மாறியிருக்கும். சிவப்பணுவில் இருப்பது உண்ணிக்காகக் காத்திருக்கிற உருவம், குப்பியில் ஒன்றும் செய்யாது. ரத்தம் வெயிலில் காருக்குள் கிடந்ததா, ஒரு ராத்திரி தாண்டி வந்து சேர்ந்ததா என்பதும் முக்கியம்.

இதெல்லாம் சரியென்றால் சீரத்தைப் பாருங்கள். ஒரு பாட்டிலில் வளர்கிற செல் அடுத்த பாட்டிலில் முரண்டு பிடிக்கும். பூஞ்சை வந்தால் கண்ணுக்குத் தெரியும். மைக்கோப்ளாஸ்மா என்ற நுண்கிருமி வந்தால் தெரியாது, திரவம் தெளிவாகவே இருக்கும், செல் மட்டும் சோம்பும். மாதம் ஒருமுறை பி.சி.ஆர். என்ற மரபணுச் சோதனை போட்டுப் பார்க்காத ஆய்வகத்தின் முடிவுகளை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

சந்தேகப் பிராணி, திண்டுக்கல்
கே: அந்த ஆட்டின் ரத்தத்தில் இரண்டு மூன்று வகைத் தைலேரியா சேர்ந்து இருந்தால்?

ப: நல்ல கேள்வி, பெயருக்குப் பொருத்தம். ஓவிஸ் மாதிரி சாதுக்கள் கலந்திருந்தால் கவலையில்லை, குப்பியே சலித்துவிடும். செல்லைப் பெருக்கத் தெரியாதது அங்கே பிழைக்காது. மாட்டுக்கான அனுலேட்டா கலந்திருந்தால்தான் தலைவலி. அது செம்மறிக்குள்ளும் நுழையும், வெள்ளை அணுவைப் பெருக்கவும் செய்யும். 1990களில் இரண்டையும் செம்மறியில் வைத்து ஒப்பிட்டார்கள். அனுலேட்டா செம்மறியில் ஷைசான்டோடு நின்றுவிடுகிறது, சிவப்பணுவுக்குப் போவதில்லை. ஆகவே உண்ணிக்கும் போவதில்லை, செம்மறி அதற்கு முட்டுச்சந்து. ஆனால் மைக்ராஸ்கோப்பில் இரண்டு ஷைசான்டும் ஒரே அச்சு. மரபணுச் சோதனை செய்யாமல் ‘செம்மறியில் எடுத்தேன், எனவே லெஸ்டோகார்டி’ என்று லேபிள் ஒட்டுவது ஊரைப் பார்த்துச் சாதி சொல்வதற்குச் சமம். ஒரே வகையிலும் பல பரம்பரை கலந்திருக்கும் என்பதால், சுத்தமான வேலை வேண்டுமானால் வளர்ப்புத் தட்டின் ஒரு குழிக்கு ஒரு செல் என்று நீர்த்துப் பிரித்து, அந்த ஒன்றிலிருந்து மறுபடி வளர்க்க வேண்டும்.

பூச்சி ரசிகர், ஏற்காடு
கே: ஆட்டை விட்டுவிட்டு உண்ணியிலிருந்தே நேராக எடுக்க முடியாதா?

ப: முடியும். வழி கொஞ்சம் கொடூரம். ஒட்டுண்ணி தங்கிய உண்ணியை முயல் காதில் சில நாள் ரத்தம் குடிக்க விடுவார்கள். சூடும் ரத்தமும் கிடைத்தால்தான் அதன் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் தொற்றும் பருவம் முதிரும். பிறகு உண்ணியை அரைத்து, வடிகட்டி, அந்தச் சாற்றை நோயில்லாத ஆட்டின் வெள்ளை அணுவோடு கலப்பார்கள். பார்வாவில் இதை முகுகாவில் பிரவுனும் மற்றவர்களும் 1973இல் செய்துகாட்டினார்கள். இதில் லாபம் என்னவென்றால் எந்த நாளில், எந்த அணுவில், எவ்வளவு தொற்று என்பது உங்கள் கையில். நஷ்டம், உண்ணிப் பண்ணை வைக்க வேண்டும். தப்பித்த உண்ணிக்கு உங்கள் காலும் முயல் காதும் ஒன்றுதான்.

அவர் மனைவி, ஏற்காடு
கே: உண்ணிக்கே செல் லைன் உண்டா?

ப: உண்டு. இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் உண்ணிச் செல்களுக்கென்றே ஒரு வங்கி இருக்கிறது. பிரிட்டனின் மலையாடுகளுக்கு உண்ணி மூலம் வருகிற இன்னொரு காய்ச்சலின் கிருமி அனாப்ளாஸ்மா ஃபாகோசைட்டோஃபிலம். அது உண்ணிச் செல் லைனில் நன்றாக வளர்கிறது. வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், முயலை விட்டுவிடட்டும்.

பால்காரர், பொள்ளாச்சி
கே: மாடு ரத்தமாக மூத்திரம் போகிறதே, பெபீசியா, அதையும் இப்படி வளர்க்கலாமா?

ப: வளர்க்கலாம், இப்படியல்ல. அது சிவப்பணுவுக்குள் வாழ்வது. சிவப்பணுவுக்குக் கருவே கிடையாது, பிரியாது, அதற்குச் சாகாவரம் கொடுத்து என்ன பயன்? அமெரிக்காவில் லெவியும் ரிஸ்டிக்கும் 1980இல் கண்டுபிடித்த வழியில், காற்றுக் குறைந்த சூழலில், அடிக்கடி புது ரத்தம் ஊற்றி வளர்க்கிறார்கள். ஊற்றுவதை நிறுத்தினால் கதை முடிந்தது.

கால்நடை ஆய்வாளர், பரமக்குடி
கே: குப்பியில் வளர்த்தது போதும். தடுப்பூசி ஆகுமா?

ப: ஆகும், ஆகியிருக்கிறது. பாலஸ்தீனத்தில் செர்னோமோரெட்ஸ் என்பவர் 1945இலேயே அனுலேட்டாவைக் குப்பியில் பெருக்கிக் காட்டினார். அங்கிருந்து தொடங்கிய கதை. பாசேஜ் மேல் பாசேஜாக நூறு தடவைக்கு மேல் மாற்றி வளர்த்தால் ஒட்டுண்ணி உயிரோடு இருக்கும், ஆனால் முரட்டுத்தனம் போய்விடும். நோய் கொண்ட செல், திசுக்களைக் கிழித்துக்கொண்டு உடம்பெங்கும் பரவச் சில நொதிகளைச் சுரக்கும். பல பாசேஜுக்குப் பின் அந்தச் சுரப்பு அடங்கிவிடுவது தெரிந்த விஷயம். இப்படிச் சாதுவான செல்லை மாட்டுக்குள் செலுத்தினால், அந்நிய செல் என்று உடம்பு அதைத் தள்ளிவிடும். அதற்குள் ஒட்டுண்ணி மட்டும் மாட்டின் சொந்தச் செல்லுக்கு இடம் மாறிவிடும். மிதமான நோய், வலுவான எதிர்ப்பு.

செம்மறிக்கு ஈரான்தான் முன்னோடி. கரஜ் நகரத்து ராஸி நிலையத்தைச் சுற்றித்தான் அந்நாட்டுத் தடுப்பூசி வேலைகள் வளர்ந்தன. செம்மறியின் நிண அணுக்களில் இந்த ஒட்டுண்ணியை வளர்த்ததை ஹூஷ்மந்த்-ராட், ஹவா இருவரும் 1975இல் வெளியிட்டார்கள். பார்வாவிடம் மட்டும் இந்த வித்தை பலிக்கவில்லை. அது புது மாட்டின் செல்லுக்கு இடம் மாறச் சோம்பல்படும், ஆகவே பத்துக் கோடிச் செல் போட வேண்டியிருந்தது. கட்டுப்படி ஆகாது. கிழக்கு ஆப்பிரிக்காவில் உயிருள்ள ஒட்டுண்ணியையும் டெட்ராசைக்ளினையும் ஒரே நேரத்தில் ஊசி போட்டுச் சமாளிக்கிறார்கள்.

செம்மறி வளர்ப்பவர், மேச்சேரி
கே: மாட்டுக்கு ஊசி இருக்கிறது. எங்கள் ஆட்டுக்கு மட்டும் ஏன் யாருக்கும் அக்கறை இல்லை?

ப: கசப்பான பதில்: கணக்கு. இந்தியாவில் மாட்டுக்கு ரக்ஷாவாக்-டி என்ற தடுப்பூசி இருக்கிறது, ஹைதராபாத்தில் தயாராகிறது. இதே செல் லைன் முறைதான். அது மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உட்கார்ந்துதான் ஊருக்கு ஊர் பயணம் செய்யும். கறவை மாட்டுக்காரர் அந்தச் செலவைப் பாலில் எடுத்துவிடுவார். கிடை போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகிற மந்தையைத் தேடி நைட்ரஜன் குடுவை வருமா? இது ஒரு காரணம். இன்னொன்று, நோய் எங்கே எவ்வளவு என்ற கணக்கே ஆட்டுக்குச் சரியாக எடுப்பதில்லை. செத்த ஆட்டைக் கறிக்கடைக்காரர் பார்க்கிறார், கால்நடை மருத்துவர் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால், தடுப்பூசிக்கு முன்னால் செய்ய வேண்டியது இந்தக் கணக்கெடுப்புதான். அதற்கும் செல் லைன் உதவும். நோய் கொண்ட செல்லைத் தகட்டில் ஒட்டி, ஆட்டின் சீரத்தை மேலே விட்டு, ஒளிரும் சாயத்தால் பார்த்தால் அந்த ஆட்டுக்கு எப்போதாவது தொற்று வந்ததா என்று தெரியும். சூடானிலும் ஈரானிலும் செய்வது அதைத்தான்.

விற்பனைப் பிரதிநிதி, ஈரோடு
கே: பூபார்வாகோன் ஊசி இருக்கும்போது தடுப்பூசி எதற்கு?

ப: விலை தெரிந்த நீங்களே இப்படிக் கேட்கலாமா? அதோடு, மருந்துக்கு அடங்காத அனுலேட்டாவை துனீசியாவில் 2010இல் பதிவு செய்துவிட்டார்கள். எப்படித் தப்பிக்கிறது என்று கண்டுபிடித்ததும் செல் லைனில்தான். ஒட்டுண்ணி வெளியே விடுகிற பின்1 என்ற புரதம்தான் செல்லைப் பெருக வைக்கிற கருவிகளில் ஒன்று என்றும், மருந்து அதைப் பிடித்து முடக்குகிறது என்றும் பாரிஸ் ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். அடங்காத ஒட்டுண்ணியில் அந்தப் புரதத்தில் ஒரு மாற்றம் இருந்தது. மைட்டோகாண்ட்ரியாவின் சைட்டோகுரோம் பி என்ற புரதத்திலும் அப்படி மாற்றங்கள் தெரிந்திருக்கின்றன. ஓர் ஊர் ஆட்டிலிருந்து லைன் எடுத்து, அதில் மருந்தை அளவு அளவாக விட்டுப் பார்த்தால், ஊசி பலிக்குமா என்று ஆட்டைச் சாகவிடாமல் சொல்லலாம்.

விலங்கு நேயர், புதுச்சேரி
கே: அப்போது குப்பி வந்தபின் ஒரு பிராணியும் துன்பப்படுவதில்லை, இல்லையா?

ப: குறைகிறது, இல்லாமல் போகவில்லை. குப்பிக்கு ஊற்றுகிற கன்றுக்கரு சீரம், அறுக்கப்பட்ட சினைப்பசுவின் வயிற்றுக் கன்றிலிருந்து வருகிறது. சீரம் இல்லாத திரவங்கள் வந்துகொண்டிருக்கின்றன. இந்தச் செல்களை அதற்குப் பழக்குவதில் பணம் போட ஆள் வேண்டும்.

ஆய்வு மாணவர், ஒரத்தநாடு (மறுபடியும்)
கே: முளைத்துவிட்டது! இனி என்ன செய்யட்டும்?

ப: வாழ்த்து. இன்றைக்கே பத்துக் குப்பி உறைய வையுங்கள். டி.எம்.எஸ்.ஓ. என்ற உறைகாப்புத் திரவம் 10 சதவீதம், மெதுவாகக் குளிர்வித்து, பிறகு திரவ நைட்ரஜன். காரணம் மேலே பரமக்குடிக்காரருக்குச் சொன்ன பதிலிலேயே இருக்கிறது: பாசேஜ் ஏற ஏற ஒட்டுண்ணி சாதுவாகும். தடுப்பூசிக்காரருக்கு அது வரம், உங்களுக்குப் பொறி. ஐந்தாவது பாசேஜில் சோதித்ததையும் எண்பதாவது பாசேஜில் சோதித்ததையும் ஒரே அட்டவணையில் போட்டால், நீங்கள் ஒப்பிடுவது இரண்டு வெவ்வேறு பிராணிகளை. 2005இல் அனுலேட்டா, பார்வா இரண்டின் மரபணு வரிசையும் முழுதாக வெளியான பிறகு, எந்தப் பாசேஜில் எந்த மரபணு பேசுகிறது, எது மௌனமாகிறது என்று பார்க்க வசதி வந்துவிட்டது. ஆனால் குப்பியின் மேல் பாசேஜ் எண் எழுதாவிட்டால் அந்த வசதி வீண். ஆடு எந்த ஊர், எந்தத் தேதி, என்ன ஊசி போட்டிருந்தது, பாசேஜ் எத்தனை என்று பென்சிலில் எழுதுங்கள், நைட்ரஜனில் பேனா அழியும். பெயர் தெரியாத செல் லைனை வைத்து முனைவர் பட்டம் வாங்கலாம், ஒரு ஆட்டைக் காப்பாற்ற முடியாது.

ஆயுள் காப்பீட்டு முகவர், கரூர்
கே: செல்லுக்குக் கிடைத்த சாகாவரம் மனிதனுக்குக் கிடைக்குமா?

ப: கிடைத்தால் முதலில் உங்கள் தொழில் படுக்கும். செல்லுக்குச் சாவில்லை என்றபோது ஆடுதான் செத்தது, அதை மறந்துவிடாதீர்கள்.

ஆடு மேய்ப்பவர், வெம்பக்கோட்டை
கே: ஆட்டுக் காதில் உண்ணியைப் பார்த்தால் பிடுங்கி நகத்தால் நசுக்கிவிடுவேன். போதுமா?

ப: பிடுங்குவது சரி, நசுக்குவதை இன்றோடு விடுங்கள். நாம் இத்தனை நேரம் பேசிய ஹயலோமா உண்ணிதான் கிரிமியன்-காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சலின் வைரஸையும் சுமப்பது. அது ஆட்டை ஒன்றும் செய்யாது, மனிதரைக் கொல்லும். 2011 ஜனவரியில் குஜராத்தில் அகமதாபாத் பக்கம் வந்தபோது நோயாளியோடு, அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டரும் நர்ஸும் இறந்தார்கள். நசுங்கிய உண்ணியின் சாறு விரல் வெடிப்பில் பட்டாலே போதும். கையில் பிளாஸ்டிக் பையாவது சுற்றிக்கொண்டு, இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். சோப்புத் தண்ணீரிலோ மண்ணெண்ணெயிலோ போட்டு மூடுங்கள். பட்டியின் சுவர் வெடிப்புகளைப் பூசுங்கள், உண்ணி அங்கேதான் ஒளிந்திருக்கும். நெறி கட்டிக் காய்ச்சலோடு ஆடு படுத்தால் ஊசி போடுவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.